மலைக்கு வைத்த வெற்றிலை

“மலையில போயித் தங்கப் போறவன் மொதல்ல வெத்தில வைக்கணும். வைக்கையில நுனி…” என்று பெரியப்பா ஒருமுறை சொன்னார். நுனி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்தேதான் சொன்னார். நான் அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அதனால் முதல் பாதி மட்டும் என்னோடு வந்தது, மறுபாதி அவரோடு போய்விட்டது.

நெடுவாக்குறிச்சியில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். தேனுக்கோ, ஈத்தை மூங்கிலுக்கோ, சாஸ்தா கோயில் பொங்கலுக்கோ, எதற்காக இருந்தாலும் நாரைமொட்டை மலையில் ஓர் இரவு தங்க நினைக்கிறவர்கள், மூன்று நாளுக்கு முன்னால் ஊரின் மேற்கு எல்லையிலிருக்கும் மடைக்கல்லின் மேல் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வெற்றிலையின் நுனி மலையைப் பார்த்திருந்தால், நாங்கள் வருகிறோம் என்று மலைக்குத் தகவல் சொன்னதாகக் கணக்கு. நுனி ஊரைப் பார்த்திருந்தால், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று மலையை அழைத்ததாகக் கணக்கு. அப்படி யாரும் அழைத்ததில்லை, அழைத்து அதை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியாது.

நான் அழைத்தேன்.

நான் அந்த ஊருக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எட்டாவது வரை மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் மலையாளத்தில் படித்தேன். பிறகு மலைக்கு இந்தப் பக்கம் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், தமிழில் படித்தேன். இரண்டு மொழியில் படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு, ஒன்றில் சொல்லக் கூச்சமாக இருப்பதை மற்றதில் நினைத்துக்கொள்ளலாம். ஒரு குறையும் உண்டு, எந்த ஊர் வழக்கமும் அவனுக்கு முழுசாகக் கைவராது.

கோமதிநாயகம் என்ற என் பேரைப் பாதியில் வெட்டி, ‘கோமதியக்கா வந்துட்டா, பெஞ்சைத் தொடைங்கலே’ என்று முதல் நாளே கேலி செய்த இரண்டு பேர்தான் எனக்குச் சிநேகிதர்கள் ஆனார்கள். ஒருவன் மைதீன் பிச்சை, பின்னாளில் தாலுகா ஆபீஸில் சர்வேயர் ஆனவன். மற்றவன் குத்தாலிங்கம், ஊரின் மேலக்கடைசி வீட்டில் இருந்துகொண்டு, வீட்டுக்கு வடக்கே இருக்கும் களத்தில் செங்கல் அறுத்துச் சூளை போட்டுப் பிழைத்தவன்.

எங்கள் திட்டத்துக்கு வயது இருபத்தாறு. கல்லூரி முடித்த கோடையில் போட்டது. நாரைமொட்டையின் அடிவாரத்தில் ஓடை திரும்புகிற இடத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, ஓர் இரவு தங்கி, விடிந்ததும் இறங்கி வரவேண்டும், அவ்வளவுதான். குத்தாலிங்கம் ஒரு நாற்பது பக்க நோட்டில் பட்டியல் போட்டான். எனாமல் தட்டு மூன்று, மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று, நைலான் கயிறு பதினைந்து முழம், தீப்பெட்டி இரண்டு, ஒன்று நனைந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று. அந்தக் கோடையில் மைதீனின் வாப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, அடுத்த கோடையில் எனக்கு இன்டர்வியூ வந்தது, அதற்கடுத்த கோடையில் நான் டார் எஸ் சலாமில் ஒரு சிமெண்ட் ஆலைக்குக் கெமிஸ்டாகப் போய்விட்டேன், போய் இருபத்திமூன்று வருஷம் அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளேயே இருந்தேன்.

லீவுக்கு வரும்போதெல்லாம் முன்கூட்டியே போன் செய்து, இந்த முறை கண்டிப்பாகப் போகிறோம் என்று குத்தாலிங்கத்திடம் சொல்வேன். அவன் நோட்டை எடுத்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அடித்துவிட்டுக் கேஸ் அடுப்பு என்று எழுதுவான், சாக்கை அடித்துவிட்டுத் தார்ப்பாய் என்று எழுதுவான், ரெக்ஸின் பையில் எல்லாவற்றையும் அடுக்குவான். அவன் மனைவி ஆவுடையம்மாள் விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிண்டி வாழையிலையில் கட்டிவைப்பாள். பத்து மணிக்கு மேல் நான் போன் செய்வேன், மாமனாருக்கு அறுவை என்றோ, டிக்கெட்டை மாற்றிவிட்டார்கள் என்றோ, எதையாவது சொல்வேன். அன்றைக்கு மத்தியானம் அவர்கள் இருவரும் செங்கல் களத்தில் பாய் விரித்து அந்தக் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவார்கள், சாப்பிட்டுவிட்டு அவன் அந்தப் பையையே தலைக்கு வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துப் படுத்திருப்பான். இப்படி ஏழு தடவை நடந்தது. சொன்ன காரணங்களில் நான்கு உண்மை.

பொய்யான மூன்றில் ஒன்றைத்தான் இங்கே சொல்லவேண்டும். பதினொரு வருஷத்துக்கு முந்தைய தை மாதம். ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், பஸ் ஸ்டாண்டில் நில் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். முந்தைய நாள் மாலை என் ஆலையிலிருந்து நான்கு பேர் திருநெல்வேலிக்கு வந்து இறங்கினார்கள், குற்றாலம் பார்க்கவேண்டும் என்றார்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள். ஒன்பதரை மணிக்கு எங்கள் கார் நெடுவாக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைக் கடந்தபோது ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்து டிரைவர் நிறுத்தினார். சிமெண்ட் பெஞ்சில் குத்தாலிங்கம் உட்கார்ந்திருந்தான், மடியில் பை, பையின் வாயில் எனாமல் தட்டின் விளிம்பு. காரில் ஐந்து பேர், நான் ஜன்னலோரம். அவன் தலையைத் தூக்கினான். நான் குனிந்து, கீழே விழாத பேனாவைக் காலடியில் தேடினேன், ஆடுகள் கடந்து கார் நகரும்வரை தேடினேன். மத்தியானம் போன் செய்து காய்ச்சல் என்றேன். கஞ்சி குடி, குளிக்காதே என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அவன் என்னைப் பார்த்தானா என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு என்னிடம் அவன் பேசிய எல்லாப் பேச்சிலும் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊருக்கு வந்தபோது குத்தாலிங்கத்துக்குச் சர்க்கரையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. களத்தை ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த மறுநாளே அவன் நோட்டை எடுத்துவிட்டான், அதில் கேஸ் அடுப்புக்குக் கீழே ‘ஊன்றுகோல் இரண்டு’ என்று புதிதாக எழுதியிருந்தது. மைதீன் வாட்ஸ்அப்பில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு தொடங்கினான். நான் இணையத்தில் கூடாரம் வாங்கினேன், அதைக் குத்தாலிங்கத்தின் முற்றத்தில் விரித்துப் பழகினோம், ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் படுத்துக்கொண்டது, ஆவுடையம்மாள் பார்த்துவிட்டு, மூணு படிச்ச ஆம்பளைக ஒரு கொசுவலையைக் கட்ட முடியலியே என்றாள். வனத்துறைக்கு மனு கொடுத்தோம். சோதனைச்சாவடி வரை ஜீப்பில் போய், அங்கிருந்து பாறை வரை அவனை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் போகலாம் என்று நான் சொன்னதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

“பொணத்தைக் கூட அரை மைல்தாம்ல தூக்குவான். நான் கட்டையை ஊனி நடந்தே வாரேன். ஒரு நாள் பூரா ஆனாலும் ஆவட்டும்.”

அதனால் அவன் தினமும் காலையில் முற்றத்தில் ஊன்றுகோலோடு நடந்து பழகினான். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெற்றிலை வைக்கவேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது, பிந்தி வந்தவனே வைக்கட்டும் என்று மைதீன் சொன்னான். மடைக்கல் வரை அவர்கள் இருவரும் கூட வந்தார்கள், மைதீன் ஸ்கூட்டரில் குத்தாலிங்கத்தைப் பின்னால் உட்காரவைத்திருந்தான். நான் தாம்பாளத்தில் ஐந்து வெற்றிலையை அடுக்கினேன். நுனி எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்டிருக்கலாம். இருபத்திமூன்று வருஷம் கழித்து வந்தவன் இதைக்கூடக் கேட்கிறானே என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தில் கேட்கவில்லை. விருந்தாளிக்கு நீட்டுகிற தட்டுப் போலக் காம்பை மலைக்குக் காட்டி, நுனியை என் பக்கம் வைத்தேன். மைதீன் ஸ்கூட்டர் ஸ்டாண்டோடு போராடிக்கொண்டிருந்தான். குத்தாலிங்கம் பின்சீட்டிலிருந்து தாம்பாளத்தை எட்டிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாரைமொட்டை கிளம்பியது.

முதலில் கவனித்தவர் மலையடிவாரம் போகிற முதல் பஸ்ஸின் டிரைவர். கடைசி நிறுத்தம் முந்நூறு அடி முன்னாலேயே வந்து நின்றதால் அவரும் அங்கேயே நிறுத்தினார், இறங்கியவர்களும் இறங்கிப் போனார்கள். மறுநாள் இன்னொரு முந்நூறு அடி. மூன்றாம் நாள் மைதீன் ஆபீஸ் சங்கிலியைக் கொண்டுபோய் அளந்து, ஒரு நாளைக்கு முந்நூறு அடி, விடியற்காலையில் மட்டும், நேரே கிழக்கு நோக்கி என்று எழுதிக்கொண்டு வந்தான். பஞ்சாயத்துக் கூடியது. மலை எப்படி நடக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. யார் அழைத்தது என்று கேட்டார்கள், நான் எழுந்து நின்றேன், நுனி எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். வெளியூரிலேயே இருந்துட்டாக, பாவம் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வருகிறவரை எப்படிக் கௌரவமாக நடத்துவது என்பதைப் பற்றி மீதி மூன்று மணி நேரம் பேசினார்கள்.

அதன் பிறகு ஊர் விருந்தாளி வருகிற வீடாகியது. மேலத்தெருப் பெண்கள் வாசலைத் தெளித்து, கோலத்தை மேற்கே பார்த்து இழுத்துப் போட்டார்கள், மேற்கு ஜன்னல் கம்பிகளில் காயப்போட்ட உள்துணிகளை எடுத்து உள்ளே கொடி கட்டிக்கொண்டார்கள், மேற்கே கால் நீட்டிப் படுத்துப் பழகிய வயசானவர்கள் மரியாதையில்லை என்று கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், சண்டைக்குப் பேர்போன இரண்டு வீட்டுக்காரர்கள் அது போகும்வரை குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள். வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தினமும் காலையில் ஆறு பேர் தூக்கி முந்நூறு அடி கிழக்கே வைத்தார்கள், கேட் கம்பியைத் தோளில் சுமந்துகொண்டு கார்டு பின்னால் நடந்தார். எங்கள் மனு, விண்ணப்பித்த இடம் விண்ணப்பித்த இடத்தில் இல்லாமையால் திருப்பி அனுப்பப்படுகிறது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மலை எந்த வயலையும் மிதிக்கவில்லை, வாழையும் உளுந்தும் அதற்கு அடியில் போய், சில நாள் கழித்து அதன் முதுகுப் பக்கமாக ஒரு தண்டு ஒடியாமல் வெளியே வந்தன, ஈரப் பாறையின் வாசனை மட்டும் அவற்றில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மலை இருந்த இடத்தில், வெகுநாள் கழித்து அலமாரியை நகர்த்தினால் தெரிகிற சுவரைப் போல ஒரு வெளுத்த வானம் தெரிந்தது. அந்த இடைவெளியில் மலையாளக்காரர்கள் வந்து நின்று, எங்கள் மலை எப்போது திரும்பும் என்று கேட்டார்கள். ஊர் என்னைத்தான் அனுப்பியது. விருந்துக்குப் போயிருக்கிறது, சாப்பிட்டதும் வந்துவிடும் என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வந்தேன்.

மலை வர வர வெயில் குறைந்தது. ஐந்தரைக்கு விழுந்த சூரியன் இரண்டாம் வாரத்தில் நான்கு மணிக்கு விழுந்தது, மூன்றாம் வாரத்தில் இரண்டு மணிக்கு, நான்காம் வாரத்தில் மத்தியானச் சோறு உலையில் இருக்கும்போதே கோழிகள் கூடையைத் தேடிப் போயின. பள்ளிக்கூடத்தை விடிகாலை ஐந்துக்கு மாற்றினார்கள், சலூன்காரர் பன்னிரண்டு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டார், எல்லாவற்றுக்கும் ஊர் பழகிவிட்டது. பழக முடியாதது ஆவுடையம்மாளின் களம் மட்டும்தான். அறுத்துப் போட்ட பச்சைக்கல் பன்னிரண்டாயிரம், வரிசை வரிசையாக நிழலில் கிடந்தன. காயாத கல்லைச் சூளையில் அடுக்க முடியாது, சூளை எரியாமல் அங்கே வேலை செய்யும் பதினோரு குடும்பத்துக்கு வாரக்கூலி கொடுக்க முடியாது. ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய் ஒரு கல்லின் மேல் கட்டைவிரலை அழுத்திக் காட்டினாள். எட்டு நாள் கல். விரல் ரேகை அப்படியே பதிந்தது.

“அண்ணாச்சி, ஒங்க விருந்தாளிக்கு எப்பச் சாப்பாடு?”

ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். விருந்தாளியைப் போ என்று சொல்கிற வழக்கம் அங்கே இல்லை. அழைத்தவன் இலை போட்டுப் பரிமாறி, சாப்பிட்டு முடித்ததும் கையில் வெற்றிலை பாக்கைக் கொடுத்தால், வந்தவர் எழுந்து புறப்படவேண்டும் என்று அர்த்தம். மலைக்கும் அதேதான், மலையென்றாலும் ஓர் இலைதான், ஆனால் அழைத்தவன் கையால்தான் போடவேண்டும். டீக்கடையில், பால் சொசைட்டியில், தெருவில், பார்க்கிறவர்களெல்லாம் அவசரமே இல்லாத குரலில், சாப்பாடு எப்போ, இலை நாங்கள் அறுத்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, தலைக்குமேல் இருட்டிக்கொண்டு வருவதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இலை போடாதே என்று சொன்னவன் ஒருவன்தான்.

மலை கிளம்பிய அன்றே குத்தாலிங்கம் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டான். மேற்கே பார்த்த வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ரெக்ஸின் பை. மலை ஒரு மைல் தூரத்தில் நின்றபோது, இப்போது ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷத்தில் பாறைக்கே போய்விடலாமே, வா போய் கூடாரத்தைப் போடுவோம் என்று நானும் மைதீனும் கூப்பிட்டோம். அவன் வரவில்லை.

“நான் ஏம்ல போவணும்? ஏழு வாட்டி பையைத் தூக்கிட்டுப் போயி நின்னவன் நான். இப்பத்தான் ஒண்ணு என்னைத் தேடி வருது. வரட்டுமே. எங்க வாசப்படியில வந்து முட்டட்டும். அந்தப் பாறையில இங்கேருந்தே ஏறிப் படுத்துக்கிடுவோம்.”

“நீயும் ஒரு நா இப்படி வருவேன்னு நெனச்சுக்கிட்டே இருப்பான்” என்று திரும்பும் வழியில் மைதீன் என்னிடம் சொன்னான், குறையாகச் சொல்லவில்லை, அளவு சொல்கிற குரலில் சொன்னான்.

குத்தாலிங்கம் போன புரட்டாசியில் இறந்துவிட்டான். மலைக்குப் பிறகு ஆறு மாதம் இருந்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப வருகிற நாள் அவன் இறந்த நாள் இல்லை, மலைக்கும் அவன் வாசலுக்கும் நடுவே அறுநூறு அடி மிச்சமிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

அன்று காலை மைதீன் அளந்துவிட்டு வந்து, நாளை விடிந்தால் முந்நூறு அடி, வியாழக்கிழமை விடிந்தால் வாசற்படி என்றான். பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். முப்பது நாள் பொறுத்த ஊருக்கு இன்னும் இரண்டு நாள் பெரிசில்லை, புதனோ வெள்ளியோ உங்கள் சௌகரியம், நீங்கள் சொல்கிற அன்றைக்குச் சமையல் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆவுடையம்மாளைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், அவள் நாளைக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவள் முறத்தில் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என் கல்லுக்காவ அவசரப்படாதீய அண்ணாச்சி” என்றாள். “இத்தனை நாள் ஈரமாக் கெடந்தது இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும், கரைஞ்சா போயிரும்? கூலிக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஏழு மட்டம் புளிச்சோறு கெட்டுனேன், ஏழு மட்டமும் இந்தக் களத்துலதான் பிரிச்சோம். எட்டாவது மட்டத்தை அவுக அந்தப் பாறையில வச்சுப் பிரிக்கட்டும். வியாழக்கெழம நீங்களும் மைதீனண்ணனும் வெறும் வயித்தோட வந்துருங்க.”

நான் தலையாட்டினேன். அவள் புளிக்கொட்டையைத் தூர எறிந்தாள், அது ஒரு பச்சைக்கல்லில் பட்டு ஒட்டிக்கொண்டது.

வாசலுக்கு வந்தேன். பன்னிரண்டு மணிதான் ஆகியிருந்தது, சூரியன் மலையின் மொட்டையைத் தொடப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் நாரைமொட்டையை நான் பார்த்ததே இல்லை. ஓடை திரும்புகிற சத்தம் கேட்டது, பாறையின் முதுகில் மஞ்சள் பாசி தெரிந்தது, ஒரு சிங்கவால் குரங்கு எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. குத்தாலிங்கம் முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். இன்னொரு நாற்காலியைக் காட்டினான். நான் உட்கார்ந்ததும், மலையைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான்.

“நீ வெத்தில வைக்கையிலயே பாத்தேன்ல. நுனி நம்ம பக்கம் இருந்துச்சு.”

“அப்பமே சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்கலாம். சொன்னா நாந்தான நடக்கணும்?” என்று சிரித்தான். சிரிப்பு முடிந்து, கையைத் தன் இல்லாத காலின் முட்டியில் வைத்துக்கொண்டான். “கோமதி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்ல. ரொம்ப நாளாக் கெடக்கு.”

“கேளு.”

“இப்ப வேண்டாம். போன்ல கேக்குற விசயம் இல்ல, இப்படித் தெருவுல உக்காந்து கேக்குறதும் இல்ல. வியாழக்கெழம பாறையில மூணு பேரும் படுத்துக்கிடுவோம்லா, மேல பாத்துக்கிட்டு. மூஞ்சியப் பாக்காமக் கேக்கணும். நீயும் மூஞ்சியப் பாக்காமச் சொல்லிருவ. பெரிய விசயம் ஒண்ணும் இல்லல, ஆமான்னோ இல்லன்னோ ஒத்த வார்த்தைதான்.”

“எதப் பத்தி?”

“பழைய கத” என்றான். “ஆடு குறுக்க வந்த கத.”

சொல்லிவிட்டு என் தொடையைத் தட்டினான், கோபம் எதுவும் அந்தக் கையில் இல்லை. கேட்ட கையோடு விட்டுவிடுகிற கை அது. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால், சரி, தூங்குல என்று திரும்பிப் படுத்திருப்பான், இப்போது எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கும் ஓரளவு தெரிந்துதான் இருந்தது. தமிழில் ஆமாம் என்று சொல்லிப் பார்த்தேன், மலையாளத்தில் அதே என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டையும் வாய்க்குள்ளேயேதான். பதினொரு வருஷம் நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் கஞ்சி குடி என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு மூன்று தடவை பை அடுக்கியிருக்கிறான்.

நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தேன். வியாழக்கெழம வா, நாளைக்கு எதுக்கு என்றான். தெருமுனையில் மைதீன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, தலைவரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டான். களத்தில் பன்னிரண்டாயிரம் கல் காயாமல் கிடக்கிறது, பதினோரு குடும்பம் கூலியில்லாமல் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். அத்தனையும் உண்மை. அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு தலைவர் வீட்டுப் பக்கம் போனான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, குத்தாலிங்கத்தின் வாசற்படியிலிருந்து முந்நூறு அடி தள்ளி, நாரைமொட்டைக்கு முன்னால் நான் இலை போட்டேன்.